நெயில் பாலிஷ் பூசிய பின்விளக்கு

அந்தக் கார் சேவூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் பின்புறம் ஏழெட்டு வருடமாக நின்றிருந்தது. ஆலைக்காரர் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் பழைய இரும்பு விலைக்கே எனக்குக் கொடுத்தார். என் தெருவில் அதுவரை யார் வீட்டிலும் கார் கிடையாது. அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். நான் செய்யாறில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் அந்தக் காருக்குள் தலையை விட்டுவிடுவேன். ஒன்றரை வருடத்தில் இன்ஜின் ஓடியது, பெயின்ட் மின்னியது. இடது பக்கப் பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி மட்டும் இல்லை.

அந்த மாடல் தயாரிப்பு நின்று பல காலம் ஆகியிருந்தது. வேலூர், சென்னை என்று பழைய சாமான் கடைகளில் அலைந்து ஓய்ந்த பிறகு, ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்து நெட் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் தளம் ஒன்று கிடைத்தது. அதில் சென்னைக்காரர் ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார்: 'ஒரிஜினல் பின்விளக்குக் கண்ணாடி, இடது, புத்தம் புதிது.' படத்தில் அது மாதுளை முத்து மாதிரி ஜொலித்தது. அன்றே மணியார்டர் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் பார்சல் வந்தது. வலது பக்கத்துக்கானது. போன் செய்தேன்.

"சார், நீங்க காருக்கு முன்னாடி நின்னு பாக்கறீங்க. பின்னாடி நின்னு பாருங்க, அது லெப்ட்டுதான்" என்றார்.

அவ்வளவு நிதானமாகச் சொன்னார். நானும் நிஜமாகவே வாசலுக்குப் போய்க் காருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அப்போதும் அது வலதுதான். பதினைந்து வருடம் வயரிங் வேலை பார்த்தவன். அந்த வெட்கம்தான் முதலில் சுட்டது.

திருப்பி அனுப்பினேன். இரண்டு மாதம் பதிலே இல்லை. பிறகு இன்னொரு பார்சல். இந்த முறை இடதுதான், சிவப்புதான், கச்சிதமாகப் பொருந்தியது. தறியிலிருந்து எழுந்து வந்த என் மனைவி மட்டும் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, நெயில் பாலிஷ் வாசன வருது?"

"ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு கொற" என்று அவள் வாயை அடைத்தேன்.

அடுத்த ஞாயிறு வந்தவாசியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். மனைவியை முன்சீட்டில் உட்கார வைத்து ஓட்டிப்போனேன். திரும்பும் வழியில் இருட்டத் தொடங்கியதும் விளக்கைப் போட்டேன். கொஞ்ச தூரத்தில், பைக்கில் பின்னால் வந்த மைத்துனன் ஹாரன் அடித்து நிறுத்தச் சொன்னான்.

"மாமா, லைட்டு தோலு உரிஞ்சிகினு கீது!"

பல்பின் சூட்டில் சிவப்புப் பூச்சு கொப்பளித்துச் சுருள் சுருளாகத் தொங்கியது. அடியில் மஞ்சள் பிளாஸ்டிக். அதே கல்யாணத்துக்கு வந்த வேன் ஒன்று நின்றது. சொந்தக்காரர்கள் இறங்கி வந்து பார்த்துச் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. 'நான் அன்றே சொன்னேனே' என்றும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் சென்னைக்காரருக்குப் போன் செய்தேன். "வித்ததுக்கு அப்புறம் நான் பொறுப்பில்ல சார்" என்று வைத்துவிட்டார்.

இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். ஸ்டுடியோக்காரரை அழைத்து வந்து, உரிந்த விளக்கைப் படம் எடுக்க வைத்தேன். விளம்பரப் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தத் தளத்தில் அவர் போடும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் கீழே போட்டேன். கூடவே ஒரு வரி: 'இதைக் காட்டினார். இதை அனுப்பினார்.' வார விடுமுறை தவறாமல் நெட் சென்டருக்குப் போனேன். காய்ச்சலோடும் போனேன். யாராவது 'நல்லவேளை, தப்பித்தேன்' என்று எழுதினால் அன்று எனக்குச் சோறு இன்னும் ஒரு பிடி கூடுதலாக இறங்கும்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"சார், அத எடுத்துடுங்க சார். எங்கிட்ட யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

"ஒரிஜினல் கண்ணாடி கீதா?"

"இருக்கு சார். நாளைக்கே பார்சல் போட்டுடறேன்."

"பார்சல் வேணாம். நீங்களே எடுத்துகினு ஆரணிக்கு வாங்க."

வந்தார். குரலை வைத்துத் தொப்பையும் மோதிரமுமாக ஓர் ஆளைக் கற்பனை செய்திருந்தேன். டவுன் பஸ்ஸிலிருந்து எங்கள் தெருமுனையில் இறங்கியவர் என் வயதுக்காரர், ஒல்லி. துண்டில் சுற்றிய கண்ணாடியை மார்போடு அணைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். கனமான, நிஜக் கண்ணாடி. ஸ்க்ரூடிரைவரை அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே மாட்டுங்க. எது லெப்ட்டுன்னு பாத்து மாட்டுங்க."

மத்தியான வெயிலில் காருக்குப் பின்னால் மண்டியிட்டார். கை வியர்த்து ஸ்க்ரூ இரண்டு முறை மண்ணில் விழுந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் உதவிக்குக் குனியவில்லை. முடித்து எழுந்தவருக்கு மனைவி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "எடுத்துடுவீங்க இல்ல சார்?" என்றார்.

"பாக்கலாம்" என்றேன்.

அடுத்த விடுமுறையன்று நெட் சென்டருக்குப் போனேன். எதையும் அழிக்கவில்லை. ஒரு வரி சேர்த்தேன்: 'ஒன்றரை வருடம் கழித்துச் சரியானதைக் கொண்டுவந்து, தன் கையாலேயே மாட்டிவிட்டுப் போனார்.'

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "எடுத்துட்டீங்களா?"

"இல்ல."

"பாவம்ங்க அந்த ஆளு. அவ்ளோ தூரத்துலருந்து வந்துட்டுப் போனாரு."

இரண்டு நாள் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் நான் எழுதியதெல்லாம் அந்தத் தளத்தை மூடும்வரை அங்கேயே இருந்தது.