பெட்ரோல் மூடியில் ஒரு துளை

என் காருக்கு நாற்பத்தொரு வயது. எனக்கு எழுபத்து நான்கு. முப்பத்து மூன்று ஆண்டுகள் நிலம் அளந்தவன்; எதையும் எண்ணிப் பார்க்காமல் எனக்கு நிம்மதி வராது.

போன மழைக்காலத்தில் காரை ஒரு கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டது. கள்ளக்குறிச்சியிலிருந்து நன்றாகக் கிளம்பும். வழியில் திணறி நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல ஓடும். வீட்டு வாசலில் பதினேழு நாள் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு பிளக்கையும் மாற்றினேன். கார்ப்பரேட்டரை மூன்று முறை கழுவினேன். பெட்ரோல் பம்பும் புதிதாகப் போட்டேன். நின்ற ஒவ்வொரு தடவையையும் நோட்டில் எழுதினேன். டேங்க் நிறைய இருந்தால் ஒன்பது கிலோமீட்டரில் நின்றது. பாதி இருந்தால் இருபதைத் தாண்டியது. அது ஏன் என்று மட்டும் விளங்கவில்லை.

என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. கல்வராயன் மலைமேல் அவளுடைய அக்கா கால் முறிந்து படுத்திருந்தார். மலைப் பாதையில் பஸ் ஏறினால் இவளுக்கு வாந்தி வரும்.

"ஞாயித்துக்கெழம அக்காவப் பாக்கப் போறப்ப வழியில நின்னுச்சின்னா, திங்கக்கெழம பழைய இரும்புக்கட பாய் வந்து எடுத்துக்கினு போவட்டும். சொல்லி வச்சிட்டேன். இனிமே வாடக வண்டிதான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கிளம்பினோம். டேங்கில் பாதிதான். வடக்கனந்தல் தாண்டியது. மலை ஏறத் தொடங்கி ஐந்தாவது வளைவில் நின்றது.

பெட்ரோல் முள் என்றோ செத்துவிட்ட கார் அது. அதனால் கார் நின்ற இடத்திலெல்லாம் மூடியைத் திறந்து, ஒரு மூங்கில் சிம்பை உள்ளே விட்டு, எத்தனை லிட்டர் என்று பார்த்துக் குறித்தால்தான் என் மனம் அடங்கும். அன்று சிம்பு வீட்டிலேயே தங்கிவிட்டது. கால் மணி காத்திருந்து சாவியைத் திருப்பினேன். கிளம்பவில்லை. முக்கால் மணி ஆயிற்று. அப்போதும் கிளம்பவில்லை. பாயின் முகம் கண்ணில் தெரிந்தது.

"இன்னாங்க, பெட்ரோலு இருக்குதா?"

"பதினாலு லிட்டர் இருக்கணும்."

"இருக்கணுமா? எப்பவும் குச்சி வுட்டுப் பாத்துட்டுதான மறுவேல பாப்பீங்க? இன்னிக்கி கணக்குக்கு லீவா?"

அவளே இறங்கிப் புதரில் ஒரு குச்சி ஒடித்துவந்து மூடியைத் திருகினாள். அப்படியே நின்றாள்.

"இன்னாங்க இது, உஸ்ஸுன்னு காத்த உள்ள இழுக்குது?"

என் காதுக்கு எதுவும் எட்டவில்லை. "காத்தா? மலைக்காத்தா இருக்கும்."

"நான் சொன்னத எப்ப நம்பியிருக்கீங்க? போயி சாவியத் திருப்புங்க."

ஒரே திருப்பு. கிளம்பிவிட்டது.

மூடியை வாங்கிப் பார்த்தேன். மழைக்கு முன்பு அதில் கடுகளவு ஓட்டை ஒன்றைக் கண்டு, துரு அரித்தது, மழைத் தண்ணீர் இறங்கிவிடும் என்று பயந்து, பசை வைத்து அடைத்தவன் நானேதான். அது துரு அரித்த ஓட்டையல்ல. செய்தவர்கள் வைத்த துளை. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியே காற்று உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. நிறைந்த டேங்கில் காற்று குறைவு, அதனால் சீக்கிரம் திணறியது. நின்ற இடத்திலெல்லாம் அளப்பதற்காக மூடியைத் திறந்து, நானே அறியாமல் காற்றை விட்டிருக்கிறேன். காரைக் கிளப்பிய பெயர் மட்டும் கால் மணி நேரத்துக்குப் போயிற்று.

எனக்குச் சிலிர்த்தது. நான் பிரித்துத் துடைத்த அத்தனை பாகங்களும் ஒரு குறையும் இல்லாமல் இந்தக் கடுகளவு காற்றுக்காகக் காத்துக் கிடந்திருக்கின்றன. யாரோ ஒருவர், என்றோ, இதையும் யோசித்து ஒரு துளை போட்டிருக்கிறார். முகம் தெரியாத அந்த ஆளைக் கும்பிடத் தோன்றியது.

மனைவி சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் தந்தாள். மூடியைப் பாறைமேல் வைத்து, ஊக்கின் தலையில் கல்லால் ஏழு தட்டுத் தட்டினேன். பசை விட்டது. அதன்பின் கார் எங்கும் நிற்கவில்லை.

அக்கா வீட்டு வாசலில் சிக்னல் கிடைத்ததும் அவள் போன் போட்டாள். "பாய், வண்டி குடுக்கலைங்க. வண்டி நல்லாத்தான் இருக்குது. எங்க வூட்டுக்காரருதான் அது மூச்ச அடச்சி வச்சிட்டாரு."

நான் அவளைக் கூப்பிட்டு, மூடியை மெல்லத் திருகினேன்.

"சத்தம் வருதா?"

"வரல."

மூடிவிட்டு மறுபடி திருகினேன். "இப்ப?"

"வரலைங்க. உள்ள வாங்க, அக்கா கூப்புடுது."

மூன்றாவது தடவையும் திருகிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.