காற்று இறைத்த கிணறு

கற்பிட்டிப் பக்கத்து மணலில் வெங்காயம் வைத்தவர்களுக்குத் தெரியும், ஒரு நாள் தண்ணீர் தவறினால் பயிர் வாடிவிடும். இரண்டு நாள் தவறினால் பிடுங்கி எறிய வேண்டியதுதான். மண்ணெண்ணெய் கிடைக்காமல் போன அந்த வருடம் எங்கள் பாத்திகளில் வெங்காயத் தாள் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணி மிசின் கிணற்றடியில் சும்மா கிடந்தது. என் கணவர் விடியற்காலையில் கேனோடு வரிசைக்குப் போய், பின்னேரம் வெறுங்கேனோடு திரும்புவார். இரண்டு பேருமாக வாளியால் இறைத்தோம். மூன்றாம் நாள் எனக்குக் கையைத் தூக்க முடியவில்லை. வாய் மட்டும் நன்றாக வேலை செய்தது. ஊரிலுள்ள மிசினையெல்லாம் திருத்துகிறவருக்குத் தன் தோட்டத்துக்கு ஒரு வழி தெரியாதா என்று கேட்டுவிட்டேன்.

இவரிடம் அப்படிக் கேட்பது ஆபத்து. ஒருமுறை என் தையல் மிசினின் மோட்டரைக் கழற்றித் தேங்காய் திருவும் மிசின் செய்தார். தேங்காய்ப்பூ சுவரெல்லாம் தெறித்தது, கறிக்கு மிஞ்சியது ஒரு கைப்பிடி. அதனால் மறுநாள் அவர் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல நிறப் பிளாஸ்டிக் பரல் ஒன்றை நெடுக்காக வெட்டிக்கொண்டிருந்தபோது, நான் பேசாமல் தையல் மிசினைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பரல் துண்டுகள் ஆறும் காற்றாடியின் இறக்கைகளாயின. கிணற்றடியில் இரண்டு தென்னங்குற்றிகளை நட்டு, அதை உயரத்தில் பொருத்தினார். கீழே டயர் இல்லாத சைக்கிள் சில்லு ஒன்று. படகுக்குப் பாவிக்கிற நைலோன் கயிற்றில், இறப்பர் செருப்புகளை வட்டமாக வெட்டி வரிசையாக முடிந்தார். என் செருப்பும் அதில் போனது. ஒரு கிழமை வெறுங்காலோடு நடந்தேன். காற்றாடி சில்லைச் சுற்றும், சில்லு கயிற்றை இழுக்கும், கிணற்றுக்குள் இறக்கிய குழாய் வழியாகச் செருப்புத் துண்டுகள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். சோழகக் காற்று மாதக்கணக்கில் ஒரே பக்கத்திலிருந்து வீசும் என்பதால் காற்றாடி திரும்புவதற்கு அவர் வழி வைக்கவில்லை. நிறுத்த வேண்டுமென்றால் கயிற்றைச் சில்லிலிருந்து கழற்றிவிட்டால் சரி.

சீமெந்துத் தொட்டிக்குள் முதல் தண்ணீர் விழுந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தலிலிருந்துகூட ஆட்கள் சைக்கிளில் வந்து பார்த்தார்கள், போனில் படம் எடுத்தார்கள். பள்ளிவாசலடியில் இவரைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தவர்கள் இப்போது இவர் சொல்வதைக் கைகட்டிக் கேட்டார்கள். மனிதர் அந்தக் கிழமை முழுவதும் நிமிர்ந்து நடந்தார்.

எங்கள் பகுதியில் கிணற்றுத் தண்ணீர் பாலில் ஆடை படிந்தது போலத்தான். மேலே கொஞ்சம் நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்பு. ஓயாமல் இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும், கிணற்றை ஆறவிட வேண்டும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மண்ணெண்ணெய் மிசின் இருந்த காலத்தில் காலையில் இரண்டு மணித்தியாலம் இறைத்ததும் எண்ணெய் மிச்சம் பிடிக்க நாங்களே நிறுத்திவிடுவோம். கிணறு தன்பாட்டில் ஆறும். கிணற்றுக்காக நிறுத்த வேண்டும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

காற்றாடி போட்ட மூன்றாம் நாள் அவர் கேட்டார்.

"பகல், லுஹர் தொழுகைக்குப் புறகு கயித்தக் கழட்டி வைப்பமா?"

"சும்மா வாற காத்த ஏன் நிப்பாட்டணும்?" என்றேன். "தொட்டி நெறஞ்சா இன்னொரு குழி வெட்டுங்க. கத்தரியும் வைப்பம்."

அவர் குழி வெட்டி, தண்ணீர் மணலில் இறங்காமல் தறப்பாள் விரித்தார். இரவும் பகலும் தண்ணீர் விழுந்தது.

எங்கள் வீட்டு வரிசையில் குடிக்கத் தோதான கிணறு எங்களுடையது மட்டும்தான். பக்கத்து வளவில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பமொன்றின் மகள் இருந்தாள். கைக்குழந்தைக்காரி. அக்கா முறை வைத்து என்னை ராத்தா என்பாள். காலையில் இரண்டு குடம், பின்னேரம் ஒரு குடம் எடுப்பாள். குடிக்கிற தண்ணீருக்கு இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். காலைத் தேநீரை வாயில் வைத்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கிணற்றடிக்குப் போய்ச் சிரட்டையில் அள்ளிக் குடித்தேன். உப்புத்தான். நிறைய இல்லை, ஆனால் உப்பு. வெங்காயத் தாளின் நுனி மஞ்சளாவதைக் காற்றுச் சூடு என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் உறைத்தது.

அவரிடம் சொல்லவில்லை. வெங்காயம் பிடுங்க இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அதோடு, அன்றைக்கும் யாரோ காற்றாடி பார்க்க வந்திருந்தார்கள். அவர் செருப்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. உப்புத் தெரியாமலிருக்கத் தேநீரில் இஞ்சியைக் கூடப் போட்டேன், அவர் வெறுந்தண்ணீர் கேட்டாலும் தேநீரையே கொடுத்தேன். ஐந்து நாள் அப்படி ஓட்டினேன்.

ஆறாம் நாள் அவள் குடத்தோடு வந்தாள். நிரப்பவில்லை. கிணற்றுக் கட்டில் குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"ராத்தா, நாலஞ்சு நாளா புள்ள பாலக் குடிச்சிட்டுத் துப்புது. பால்மாதான் பழுதெண்டு நெனச்சு பெக்கெட்டோட கொட்டிட்டன். இண்டைக்குத்தான் வெறுந்தண்ணியக் குடிச்சுப் பாத்தன். ஒங்களுக்கு உப்புத் தெரியல்லயா?"

பால்மாவுக்கு ஆட்கள் வெயிலில் வரிசை நின்ற காலம் அது. 

"தெரியல்லயே," என்றேன்.

அவள் நம்பினாள். அன்றிலிருந்து பள்ளிவாசல் கிணற்றுக்குப் போகத் தொடங்கினாள். இடுப்பில் குழந்தையோடு ஒரு தடவைக்கு ஒரு குடம்தான் தூக்கலாம். அன்று அவள் ஒழுங்கை முனையில் மறைந்ததும் நான் போய்க் கயிற்றைச் சில்லிலிருந்து தட்டிவிட்டேன். அவரிடம் உப்பென்று மட்டும் சொன்னேன். அவர் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டுக் கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்தார். வெங்காயத்தில் பாதி தேறியது, கத்தரி தேறவில்லை. இப்போதும் காற்றாடி இருக்கிறது. காலையில் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு அவரே கழற்றிவிடுவார்.

மாரி மழை பிந்தித்தான் வந்தது. மழை விட்டுச் சில நாள் கழித்து அவள் குழந்தையோடு எங்கள் கிணற்றடிக்கு வந்தாள். ஒரு வாளி அள்ளி, கோப்பையில் ஊற்றி, தான் குடிக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"நீங்க ஒருக்காக் குடிச்சுப் பாருங்க ராத்தா. நீங்க சரியெண்டாத்தான் புள்ளைக்குக் குடுப்பன்."

குடித்தேன். தண்ணீர் நல்ல தண்ணீர்தான். அந்த ஐந்து நாளைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"ஓம், சரி," என்றேன். அவள் கோப்பையை வாங்கிக் குழந்தையின் வாயில் வைத்தாள்.