கிரைப் வாட்டர் மணம்

பகேரியா நகரில் ஒரு பழைய மாளிகையைத் துப்புரவாக்கும் வேலை, எங்கள் ஊர் அண்ணை ஒருவருக்கு. யன்னல் கழுவ ஆள் தேவைப்பட்ட ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். நெடிய, மெலிந்த மனிதர், காதோரம் நரைத்திருந்தது.

வீட்டுக்காரச் சினியோராவின் கண்ணாடி அலுமாரி நிறைய, விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில மருந்துப் போத்தல்கள். எல்லாம் வெறும் போத்தல்கள். காசநோய், வழுக்கை, மனச்சோர்வு மூன்றையும் ஒரே மருந்து தீர்க்கும் என்று ஒன்றின் லேபிள் சத்தியம் செய்தது. வாசித்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குழந்தைகளின் வயிற்றுவலிக்கான ஒரு சின்னப் போத்தலை எடுத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, தக்கையைத் திறந்து முகர்ந்தார். துடைக்க வரும்போதெல்லாம் அப்படித்தானாம்.

“கிரைப் வாட்டர், தம்பி. நான் ஊரிலையிருந்து வெளிக்கிடேக்கை மகளுக்கு இதுதான் பருக்கிறனாங்கள். அவளின்ரை வாயெல்லாம் இந்த மணம்தான். இப்ப சைக்கிள் ஓடுறாளாம்.”

“ஒருக்காப் போய்ப் பாக்கேல்லையோ அண்ணை?”

“பெர்மெசோ, வதிவிட அனுமதி, கைக்கு வராமல் போனால் இந்த நாட்டுக்குத் திரும்பி வர ஏலாதே.”

போத்தலை என் மூக்கருகே நீட்டினார். “மணக்குதே?”

பழைய தக்கையின் தூசி மணம் மட்டும்தான் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஓம் அண்ணை, மணக்குது.”

மிச்சமும் போய்விடும் என்று அவசரமாக மூடினார்.