பாதி வெள்ளை வீடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குள் திண்டுக்கல்லிலேயே வெள்ளையான வீடு என்னுடையதாக வேண்டும் என்று கொழுப்பெடுத்து அலைந்தேன். எங்கள் ஊரில் எல்லோரும் பூசும் ஓடைக்கல் சுண்ணாம்பு மங்கலாக இருக்கும் என்று, கடலோர ஊரான மண்டபத்திலிருந்து கடலில் வெட்டிய பவளக்கல் வரவழைத்து, சுட்டுச் சுண்ணாம்பாக்கிப் பூசினேன். முதல் லாரிக் கல்லில் முன்சுவர் பளிச்சென்று ஆனது.

இரண்டாவது லாரி வந்ததும் தெருப் பூனைகள் என்னைவிட ஆவலாகச் சூழ்ந்துகொண்டன. ஒரு கல்லை உடைத்துப் பார்த்தேன். பொந்துக்குள் விரல் நீள மீனும் நண்டுக்குஞ்சும் செத்து நாறின.

“இது உசுரோட வளர்ற கல்லுண்ணே. மீனெல்லாம் இதுலதான் குடியிருக்கும். வெட்ட ஆரம்பிச்சதுலருந்து எங்கப்பா வலை காலியாத்தான் வருது” என்றார் மண்டபத்துக்கார டிரைவர்.

“திருப்பிக் கொண்டு போங்க.”

“கடல்ல போட்டாலும் உசுரு வராதுண்ணே.”

“வராது. ஆனா நான் வாங்குனா நாளைக்கு இன்னொரு லோடு வெட்டுவாங்கல்ல?”

மற்ற சுவர்களுக்கு ஓடைக்கல் சுண்ணாம்பே பூசினேன். நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். “பாதி மூஞ்சிக்குப் பவுடர் போட்டாப்புல இருக்கு! முழுசும் அதே வெள்ளை அடிச்சாத்தான் கல்யாணம்.”

பயந்துபோய்த் தங்கையைப் பார்த்தேன்.

“அண்ணே, அவருக்கு ஒரு காப்பியக் குடுத்து அனுப்பிவிடு” என்றாள்.

அனுப்பிவிட்டேன். அடுத்த தையில் அவளுக்கு வேறு நல்ல இடம் அமைந்தது. முன்சுவரை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். யாராவது அந்த வெள்ளையை மெச்சினால், கடலில் நான் இடித்த வீடு அது என்று சொல்வேன்.