டோ ஜெயமணி தொகுத்து வைத்த பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை, யாங்கோன் லத்தாவில் நான் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடைக்குப் போன் வந்தது. ஜெயமணி அக்காவின் தம்பி மகன் பேசினான். "அத்தை சோன் த்வாபி" என்றான். அத்தை என்ற ஒரு சொல்தான் தமிழ். இறந்துபோனார் என்பதைப் பர்மிய மொழியில்தான் அவனுக்குச் சொல்ல வந்தது. நான் போனை வைத்துவிட்டு, எண்ணிக்கொண்டிருந்த வாளிகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

மாலையில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக் குழுவின் தலைவர் கூப்பிட்டார். "கோ மணி, அவுங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க. நினைவு மலர் போடுறோம்." உயிரோடு இருந்தபோது உட்கார ஒரு நாற்காலி போடாதவர்கள் இப்போது மலர் போடுகிறார்களாம்! சரி, எழுதித் தருகிறேன். ஆனால் நாலு வார்த்தையில் நிற்காது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே மூத்த பெண்களை மரியாதையாக 'டோ' என்றும், இளம்பெண்களை 'மா' என்றும், என் போன்ற ஆண்களை 'கோ' என்றும் அழைப்பது வழக்கம். டோ ஜெயமணி அலோன் துறைமுகப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் நீண்ட காலம் எழுத்தராக இருந்தவர். அவருடைய தாத்தா அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணீரென்ற குரல். கோபம் வந்தால் பர்மிய மொழியில் திட்டுவார், சிரிப்பு வந்தால் தமிழில் கேலி செய்வார். கோயில் மண்டபத்தில் நடந்த தமிழ் வகுப்பில் அக்காவையும் சேர்த்து நாங்கள் ஒன்பது பேர் சம்பளமில்லாத ஆசிரியர்கள். எங்களிடம் இருந்ததெல்லாம் அட்டை கிழிந்த சில பாடப்புத்தகங்கள்தான்.

யாங்கோனில் தெருவுக்குத் தெரு இணையக் கடைகள் முளைத்த சமயம் அது. விளையாட்டுச் சத்தத்துக்கு நடுவே அக்கா போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு கட்டு முருங்கைக்கீரையை ஆய்ந்துவிடலாம். அவர் நிஜமாகவே கீரையைக் கொண்டுபோய் ஆய்ந்தார். பாதிப் பக்கங்கள் தடை செய்யப்பட்டிருக்கும். திறந்தாலும் தமிழ் எழுத்து வராது, பெட்டி பெட்டியாக நிற்கும். அதற்காகத் தமிழ் எழுத்துருவை ஒரு பென்டிரைவில் போட்டு, கைப்பையிலேயே வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் கணினியில் ஏற்றுவார். கடைக்காரர் மறுநாள் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். அக்கா மறுபடி ஏற்றுவார்.

ஞாயிறு வகுப்பு முடிந்ததும் மற்ற எட்டுப் பேரையும் நிறுத்தி வைத்துக் கேட்பார்: "இன்னிக்கு எங்க மாட்டிக்கிட்டீங்க? ஒளிக்காமச் சொல்லுங்க." என் வகுப்புப் பிள்ளைகளுக்கு லகர ளகர ழகரம் மூன்றும் ஒன்றுதான் என்பேன். ஒரு தாளில் குறித்துக்கொள்வார். வாரம் முழுதும் தேடுவார். இலவசமாகக் கிடைத்த ஓர் இணையப் பக்கத்தில் ஆசிரியர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு தலைப்புப் போட்டு, அதன் கீழ் அந்தந்த வாரத்துக்கான பாட்டு, படம், பயிற்சித்தாள் ஆகியவற்றின் இணைப்புகளைச் சேர்ப்பார். ஒவ்வோர் இணைப்புக்கும் அருகிலேயே, எந்த வயதுப் பிள்ளைக்கு, எதை விட்டுவிட்டு எதை மட்டும் எடுக்கவேண்டும் என்று இரண்டு வரி எழுதியிருப்பார்.

"தேடுனா ஆயிரம் வருது தம்பி. அதுல நம்ம புள்ளைங்களுக்கு ஆகுறது ஒண்ணோ ரெண்டோ. ஆகாதத அழிக்கணும். எல்லாத்தையும் சேத்து வச்சா அது குப்பைக்கூடை." வகுப்பில் எடுபடாததை மறுவாரமே நீக்கிவிடுவார்.

எங்களில் சிறியவள் மா சுந்தரி, ஷ்வேப்யிதாவில் துணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண். தமிழ் பேசினால் புரிந்துகொள்வாள், வாசிக்கத் திணறுவாள். ஒருநாள் பாட்டு வரியை அவள் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே வெளியே போனாள். அடுத்த வாரம் அக்கா அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு தமிழ் வரிக்குக் கீழேயும் அதே உச்சரிப்பைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். சுந்தரி தடங்கலில்லாமல் பாடினாள். பிள்ளைகள் கூடப் பாடினார்கள். இரண்டு மாதத்தில் கீழ்வரியைப் பார்க்காமலே மேல்வரியை வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

அந்தப் பக்கத்தின் ஓர் அச்சுத்தாள் தலைவர் கைக்குப் போனது. வந்தது வினை.

"தமிழப் பர்மா எழுத்துல எழுதுறதா? நம்ம பாட்டனுங்க இதுக்கா கோயில் கட்டுனாங்க?"

"உங்க பேரனுக்கு 'அ' தெரியுமாங்க?" என்றார் அக்கா. "தெரியாதுன்னா இப்படித்தான் ஆரம்பிக்கணும்."

தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. பேரனைப் பற்றிச் சபையில் கேட்டது தப்பு என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். என்னய்யா தப்பு? உள்ளதைத்தானே கேட்டார்!

மறுவாரம் தலைவர் எழுதிய ஒரு கடிதம் ஆசிரியர்களின் கையெழுத்துக்காகச் சுற்றுக்கு வந்தது. பர்மிய எழுத்தில் தமிழ் கற்பிப்பதை நாங்கள் ஏற்கவில்லை, டோ ஜெயமணி வகுப்பிலிருந்து விலகவேண்டும், இணையப் பாடங்கள் இனி வேண்டாம். சுந்தரி மட்டும் கையெழுத்துப் போட மறுத்து, அன்றே வகுப்பிலிருந்து நின்றுவிட்டாள். மற்ற ஏழு பேரும் போட்டோம். ஏழில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. என் மகள் கல்யாணத்துக்குத் தலைவரிடம் அந்தக் கோயில் மண்டபத்தைக் கேட்டிருந்தேன். மண்டபமும் கிடைத்தது. அக்காவும் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "பாயசம் பிரமாதம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் இல்லாத வகுப்பில் பழைய அட்டை கிழிந்த புத்தகங்கள் திரும்பி வந்தன. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பொறுக்கமுடியாமல் ஒரு சனிக்கிழமை கடை மூடியதும் இணையக் கடைக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். என் பெயர் அங்கேயே இருந்தது. அதன் கீழ் அந்த வாரத்துக்கான பாடம் புதிதாகச் சேர்ந்திருந்தது. கையெழுத்துப் போட்ட ஏழு பேருக்கும் அப்படியே!

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் போனேன். பார்த்து, கையால் எழுதிக்கொண்டு, என் சொந்தச் சரக்கு மாதிரி வகுப்பில் நடத்தினேன். "கோ மணி வகுப்புதான் உருப்படியா நடக்குது" என்று தலைவர் பாராட்டினார். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். அக்காவிடம் சொன்னால் அவர் யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்று பயம். அவர் சிறுநீரகக் கோளாறில் படுத்தபோதும் இதே பயத்தில்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. கடைசி ஆறு வாரம் இணையப் பக்கத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை. பழையதையே திருப்பி நடத்தினேன்.

இரங்கல் கூட்டத்தில் தலைவர், "தமிழுக்காக வாழ்ந்த தாய்" என்று அரைமணி நேரம் பேசினார். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. கூட்டம் கலைந்ததும் சுந்தரி என்னிடம் வந்தாள். கடைசிவரை ஆஸ்பத்திரியில் அக்கா பக்கத்தில் இருந்தவள் அவள்தான். டீச்சரம்மா என்பதற்கான பர்மியச் சொல்லால், 'சயாமா' என்றுதான் அக்காவைக் கூப்பிடுவாள்.

"சயாமா கடைசியா ஒண்ணுதான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க அண்ணே. அந்தப் பக்கத்துல யாரு வர்றா போறான்னு அவுங்களுக்குத் தெரியாதாம். 'யாராச்சும் திறந்து பாக்குறாங்களா சுந்தரி?'ன்னு கேட்டாங்க. எனக்கு என்னா தெரியும்? நான்தான் வகுப்புல இல்லியே. 'தெரியல சயாமா'ன்னு சொன்னேன். 'யாரும் பாக்கல போல, சரி விடு'ன்னாங்க."

தலைவரே, இதுதான் நீங்கள் கேட்ட நாலு வார்த்தை. மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

அக்கா, நான் பார்த்தேன். ஒரு சனிக்கிழமைகூட விடாமல் பார்த்தேன். லத்தாவிலிருந்து உங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ்தான், மாறக்கூட வேண்டாம்.