இரவல் மகள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘மடிப்பக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை மூலை பிசகாமல் மடித்து அடுக்குவது அவள் வேலை. பேச்சில் மட்டும் மடிப்பே கிடையாது. மனதில் பட்டதைப் போட்டு உடைத்துவிடுவாள்.

கணவன் போய்ச் சேர்ந்தபின் ஒற்றை அறையில் தனிக்கட்டையாக இருந்தவளிடம், ஒரு நாள் தங்கை கைக்குழந்தையோடு வந்து நின்றாள். புருஷனைப் பிரிந்து, வெளியூரில் வேலை தேடிக்கொண்டிருந்தாள் அவள்.

“ஆறே மாசம்க்கா. காலூன்றினதும் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்.”

“ஆறு மாசம்னா ஆறு மாசம்தான். அதுக்கு மேல என்னால முடியாது, சொல்லிட்டேன்.”

ஆறு மாதம் எட்டு வருடமாயிற்று. தங்கை அவ்வப்போது பொம்மையோடு வருவாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போவாள். பல் முளைத்தது, காய்ச்சல் வந்தது, பள்ளிக்கூட வாசலில் புரண்டு அழுதது எல்லாம் மடிப்பக்காவின் இடுப்பிலும் தோளிலும்தான் நடந்தது.

அந்த வருடம் சலவைக்கூடத்து ஊழியர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்தார்கள். மடிப்பக்காவின் வீட்டுப்பாடத்துக்கு வீட்டிலேயே ஆள் இருந்தது. ‘லெண்ட்’ என்றால் இரவல் கொடுப்பது, ‘பாரோ’ என்றால் இரவல் வாங்குவது என்றாள் தங்கை மகள், சின்னவள்.

“கை, காதுகூட லெண்ட் பண்ணலாம் பெரிம்மா.”

“காதைக் கழட்டியா கொடுப்பாங்க?”

“காது கொடுத்துக் கேளுடீன்னு என்னைத் திட்டறியே, அதேதான்.”

“அடியே, இத்தனை வருஷமா நீ அதைக் கொடுத்ததே இல்லையே.”

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்த வாரமே தங்கை போன் செய்தாள். மறுமணம் ஆகி ஒரு வருடம் ஓடிவிட்டது, புது வீட்டில் மகளுக்கென்று தனி அறையே இருக்கிறது, பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வருகிறேன் என்றாள். எதையும் உடைத்துப் பேசுகிறவளுக்கு அன்றைக்கு ‘நல்லதுடி’ என்ற ஒரு சொல்தான் வந்தது.

அடுத்த வகுப்பில் ‘லெண்ட்’ வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார் வாத்தியார். ஒருத்தி குடை என்றாள், ஒருவர் சைக்கிள் என்றார். மடிப்பக்கா திக்கித் திக்கி, தன் தங்கை தனக்கு மகளை இரவல் கொடுத்தாள் என்று இங்கிலீஷில் சொன்னாள்.

“வாக்கியம் சரிதாம்மா. ஆனா ஆளுங்களுக்கு அப்படிச் சொல்றதில்ல. விட்டுட்டுப் போனாங்கன்னு சொல்லலாம்.”

“விட்டுட்டுப் போகல சார். வாங்கிட்டுப் போக வரா.”

அன்று சலவைக்கூடத்தில் அவள் மூலை பிசகி மடித்ததையெல்லாம் பக்கத்து மேசைக்காரி சத்தமில்லாமல் பிரித்து மறுபடி மடித்தாள்.

தங்கை வந்தாள். புறப்படும் நேரத்தில் சின்னவள் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

“நான் என்ன தப்பு பண்ணேன் பெரிம்மா?”

“நீ ஒண்ணும் பண்ணல கண்ணு. அம்மாவுக்கு நீ வேணுமாம்.”

“உனக்கு வேணாமா?”

வேண்டும் என்றால் பிள்ளை போகாது. வேண்டாம் என்றால் அது உயிருள்ளவரை ஆறாது. மடிப்பக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள்.

இரண்டு மாதம் கழித்து, அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் போன் அடித்தது. மறுமுனையில் சின்னவளின் அழுகை. அதற்கு மேலே தங்கையின் குரல்.

“அக்கா, தலை பின்னவே விடமாட்டேங்கறா. தினமும் இதே பாடு. பேசாம முடியை வெட்டி விட்டுடட்டுமா?”

“வெட்டாதடி.” மடிப்பக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். “வேர்ப்பக்கம் கையால இறுக்கிப் பிடிச்சுக்கோ. நுனியிலேர்ந்து சீவு. சிக்கு விட விடக் கொஞ்சம் கொஞ்சமா மேல வா. அவசரப்படாத.”

தங்கை போனை எங்கோ வைத்துவிட்டுச் சீவினாள். அழுகை விசும்பலானது; விசும்பலும் அடங்கியது.

“இப்ப வலிக்கலம்மா” என்றது சின்னவளின் குரல், தங்கையிடம்.

போனை அணைக்க அங்கே யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தாயும் மகளும் ரிப்பன் தேடுவது, பை தூக்குவது, கதவு சாத்துவது வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மடிப்பக்கா வேலைக்குப் போனாள்.