ஏரிக்கரை இறக்கம்

பாகூர் ஏரிக்கரையிலிருந்து எங்கள் ஊருக்கு இறங்கும் சாலையில் அப்பா டிராக்டர் ஓட்டினால், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே சலித்துப்போவார்கள். டிரெய்லரில் லோடு இருந்தால், இறக்கத்துக்கு முன்பே சின்ன கியருக்கு மாற்றி, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுவார். இன்ஜின் உறுமிக்கொண்டே சக்கரங்களை இழுத்துப் பிடிக்கும். டிரெய்லருக்குத் தனியாகப் பிரேக் கிடையாது.

பெரியப்பாவுக்கு அது பிடிக்காது. டிராக்டர் அவருடையது, டீசலும் அவருடையது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் வண்டி தானாகவே போய்ச் சேரும் என்பது அவர் கட்சி. நாலு பேர் முன்னால் தம்பியைப் பயந்தாங்கொள்ளி என்பார். அப்பா சிரித்துக்கொள்வார்.

நான் அப்போது மூன்றாவது படித்தேன். அறுவடை முடிந்து நெல் மூட்டைகளோடு வந்துகொண்டிருந்தோம். அம்மா மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். நானும் பெரியப்பாவும் அப்பாவுக்கு இருபுறமும் மட்கார்டில். வானம் கறுத்திருந்தது.

"இன்னாடா உருட்டிக்கினு வர, மழ வருது பாரு," என்றார் பெரியப்பா.

"லோடு தள்ளும்ணே. மெதுவாவே போலாம்."

இறக்கம் தொடங்கும் இடத்தில் சின்ன கியருக்கு மாற்ற அப்பா கிளட்சை மிதித்தார். பெரியப்பா குறுக்கே கையை நீட்டிக் கியர் ராடை நியூட்ரலுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "வுடுடா, நான் சொல்றன்ல."

வண்டி ஓடத் தொடங்கியது. அப்பா பிரேக்கை மிதித்தார். முன்னால் டிராக்டர் தயங்க, பின்னாலிருந்த பாரம் அதை முட்டித் தள்ளியது. டிரெய்லர் பக்கவாட்டில் திரும்பி வாய்க்காலில் சரிந்தது. அம்மா மூட்டைகளுக்கு அடியில் கிடந்தாள்.

ஊர் கூடி அவளைத் தூக்கும்போதே பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "எத்தினி வாட்டி சொன்னன், கியர்ல வாடான்னு. கேட்டாத்தான."

"பெரியப்பாதான் நியூட்ரல் போட்டாரு," என்றேன்.

அப்பா என்னை அறைந்தார். அதற்கு முன் அவர் என்னை அடித்ததே இல்லை. "சும்மா இருடி. நான்தான் போட்டேன்."

அம்மாவின் இடுப்பு அதற்குப் பிறகு சரியாகவில்லை. சுவரைப் பிடித்து எழும்போதெல்லாம், "கொஞ்சம் பொறுமையா வந்திருக்கக் கூடாதா," என்பாள். மூட்டைகளின் மேலிருந்தவளுக்கு முன்னால் நடந்தது எதுவும் தெரியாது. அப்பா வந்து அவள் தோளைத் தாங்கிக்கொள்வார். டிராக்டர் சரியானதும் மறுபடியும் அதையே ஓட்டப் போனார்.

அண்ணனுக்குப் பயந்து பொய் சொன்னவர் என்று அப்பாவை வெகுகாலம் வெறுத்தேன். நாங்கள் குடியிருந்த மனை பெரியப்பா பெயரில் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைக் கொண்டுவந்து கிடத்த, அந்த வீட்டை விட்டால் எங்களுக்கு வேறு இடமில்லை. கன்னம் எரிய நின்றிருந்த எனக்கு அது தெரியாது.